பக்கத்து சீட் காலியாக இருந்ததற்கான காரணங்கள்

அன்பின் ஸரீனா தாத்தாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆய்வு தேறிவிட்டது. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, உங்களுடையது மேலே. டைப் செய்த கடைக்காரர், "மேல உள்ள பேருக்கு முன்னுக்கு மர்ஹூமாண்டு போடவா மிஸ்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வேலையைச் செய்தபோது நீங்கள் உயிரோடுதானே இருந்தீர்கள்?

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. பலாபத்வலயில் உங்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா. வகுப்பின் முதல் நாள் உங்கள் மச்சி ஒருத்தி வாசலில் நின்று "தாத்தா" என்று கூப்பிட, எந்தக் கிழவர் வருகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வந்தது நீங்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மடிப்புக் கலையாத கறுப்பு அபாயா, சட்டைப்பையில்லாத காரணத்தால் காதோரம் செருகிய சிவப்புப் பேனா.

பிறகு ஒரு நாள் இதைச் சொல்லிச் சிரித்தோம். "பாத்தீங்களா, சொல்லு ஒண்ணுதான். அர்த்தம் ஆளுங்களுக்கு நடுவுலதான் இருக்கு. இதத்தான் நான் படிக்க வந்தேன்" என்றேன். நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்பிடியெண்டா மாத்தளயில எத்தன பேருக்குத் தாத்தா அக்கா, எத்தன பேருக்கு அப்பப்பாண்டு எண்ணிப் பாப்போம் புள்ள" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கும் நீங்கள் தாத்தா.

மாத்தளை டவுனில், ஒரு பார்மசிக்கு மேல்மாடியில், சனிக்கிழமைகளில் நடந்த அந்த சமூகவியல் டிப்ளோமா வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? மின்விசிறி சுற்றினால் தாள்கள் பறக்கும், நிறுத்தினால் நாங்கள் வேகுவோம். விரிவுரையாளர் பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: சமூகவியல் ஒரு விஞ்ஞானமா?

பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற நீங்கள்தான் முதலில் எழும்பினீர்கள். "எண்ண ஏலுமெண்டா விஞ்ஞானம் சேர். ஏலாட்டி அது ஊர்க்கத."

எனக்குப் பொறுக்கவில்லை. சபையில் பேசிப் பழக்கமில்லாத நான் எழும்பிவிட்டேன். "கல்லு உருண்டா ஏன் உருண்டேன்னு யாரும் கல்லுகிட்ட கேக்கிறதில்ல சேர். மனுசங்ககிட்ட கேக்கலாமில்ல? கேக்காம எண்ணி என்னத்துக்கு?"

விரிவுரையாளர் சிரித்தார். நம் இருவருக்கும் நடுவில் நூறு வருடத்துச் சண்டை இருக்கிறது என்றார். ஒரு பக்கம், இயற்கையைப் படிப்பதைப் போலவே சமூகத்தையும் வெளியிலிருந்து பார்த்து, அளந்து, விதி கண்டுபிடிக்கலாம் என்று நம்பியவர்கள். இன்னொரு பக்கம், ஒருவர் தன் செயலுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று விளங்காமல் அந்தச் செயலையே விளங்க முடியாது என்றவர்கள். தேநீர் இடைவேளையில் நீங்கள் பிளாஸ்டிக் கோப்பையோடு நேராக என்னிடம் வந்தீர்கள். எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க என்ன வேல செய்யிற?"

கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் வேலை என்றேன். அங்கே ஒரு பிள்ளை அழுதால் பசியா, ஈரமா, தூக்கமா, அம்மாவைத் தேடுகிறதா என்று அழுகையைக் கேட்டே எனக்குத் தெரியும், எண்ணத் தேவையில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எப்பிடித் தெரியும்?"

"கேட்டுக் கேட்டுத்தான்."

"அப்ப நீங்களும் எண்ணித்தான் ஈக்கிற. எழுதி வெக்கல்ல, அவ்வளவுதான்."

இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்குச் சரியான பதில் இல்லை, தாத்தா.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும் என்று வந்தபோது, விரிவுரையாளர் வேண்டுமென்றே நம்மைச் சோடி சேர்த்தார். தலைப்பு தேடி நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். நீங்கள் பையிலிருந்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

நாட்டில் குண்டுகள் வெடித்த பிறகு, ஊரில் ஆளை ஆள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய கணக்கு அது. அப்போதுதான் உங்களுக்கு எல்கடுவ ரோட்டில் உள்ள ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்திருந்தது. பலாபத்வலயிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து மலைக்கு இன்னொரு பஸ். முதல் பஸ்ஸில் தெரிந்த முகங்கள். மலை பஸ்ஸில் தெரிந்தவர் யாரும் இல்லை. சனம் நெருக்கி நிற்கும்போதும் உங்கள் பக்கத்து சீட் காலியாக இருந்தது.

கொப்பியில் நிரல் நிரலாகக் கோடு போட்டிருந்தீர்கள். திகதி. ஏறிய இடம். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தது எந்தத் தரிப்பிடத்தில். இடம் இருந்தும் நின்றவர்கள் யார். மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல். உங்கள் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

"இத ஏன் தாத்தா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு அழ விருப்பமில்ல. அதுக்குத்தான் எண்ணின."

நான் கொப்பியைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். இதையே செய்வோம் என்றேன். நீங்கள் எண்ணுங்கள், நான் கேட்கிறேன் என்று பேசி முடித்தோம்.

கேட்கப் போவதற்கு முன்னால் எனக்குள்ளும் ஒரு பதில் தயாராக இருந்தது, உங்களுக்குள்ளும் இருந்தது. இரண்டும் ஒரே பதில்தான்: வெறுப்பு. அதை உறுதிப்படுத்தத்தான் நான் பஸ் ஸ்டாண்டில் கொப்பியோடு நின்றேன். முதலில் பேசியவர் ஒரு சிங்கள அம்மா. சந்தைக்குக் கருவாடும் காய்கறியும் கொண்டு போகிறவர். "அந்த மிஸ் எவ்வளவு துப்புரவா உடுத்தியிருக்காங்க. என் கருவாட்டு மூட்டையோட போய் உட்கார்ந்தா முகம் சுளிக்க மாட்டாங்களா?" என்று சிங்களத்தில் சொன்னார். இரண்டாவது, ஒரு வயசாளி. முஸ்லிம் பெண் பக்கத்தில் அந்நிய ஆண் உட்காரக் கூடாது, அது மரியாதை இல்லை என்று எனக்கே புத்தி சொன்னார்.

மூன்றாவது, பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை. "ஐயோ அக்கா, அது எங்க கணக்கு மிஸ். பக்கத்துல இருந்தா வாய்ப்பாடு கேப்பாங்க!"

இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. கண்ணீர் வரச் சிரித்தீர்கள். "யா அல்லாஹ், அந்தக் கூட்டத்தையும் நான் எதிரிக் கணக்குல சேத்தீக்கிறேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

ஆனால் எல்லாம் சிரிப்பில்லை. ஒரு இளம் தாய், கைப்பிள்ளையை இறுக்கிக்கொண்டு, உண்மையைச் சொன்னாள். "பயமா இருந்திச்சிக்கா. டீவியில என்னென்னமோ சொன்னாங்க. அந்த மிஸ் ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் பயம்." இன்னொருவர் அந்த ஆட்களோடு தனக்குச் சரிவராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அதையும் எழுதினேன். உங்களிடம் மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறைக்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தீர்கள்.

"எண்ணிக்க பொய் சொல்லல்ல புள்ள" என்றீர்கள். "சீட் காலியாத்தான் ஈந்திச்சி. அதுக்கு நான் ஒரே பேர வெச்சது பிழ."

மலை ரோட்டு வளைவில் பஸ் திரும்பும்போது ஒருவர் மேல் ஒருவர் விழுகிறோம், அது வெறும் அசைவு. இன்னொருவரை மனதில் வைத்து, ஏதோ ஒன்றை நினைத்து ஒதுங்கி நிற்கிறோமே, அதுதான் சமூகச் செயல். வெளியிலிருந்து பார்த்தால் கருவாட்டு அம்மாவும், மரியாதைக்கார வயசாளியும், வாய்ப்பாட்டுக்குப் பயந்த பிள்ளையும், பிடிக்காதவரும் செய்தது ஒன்றுதான்: நின்றார்கள். பரீட்சைக்காக மனனம் செய்திருந்த சமூகச் செயல் கோட்பாடு எனக்கு அந்த பஸ் ஸ்டாண்டில்தான் விளங்கியது.

நாம் எதிர்பார்க்காத விடயத்தைச் சொன்னவர் அந்த பஸ்ஸின் கொண்டக்டர் சுனில். டிக்கட் மெஷினைத் தட்டிக்கொண்டே உங்களிடமே கேட்டுவிட்டார். "மிஸ், கோவிக்க வேணாம். மிஸ் தானே பேக் சீட்ல வைக்கிறது? பேக் இருந்தா ஆள் இருக்குன்னு தானே எல்லாரும் நினைக்கும்?"

டவுனில் இறங்கியதும் என்மேல் பாய்ந்தீர்கள். "அப்ப பிழ என்ட மேலயா? என்ட பேக்லயா பிழ? ஆக்கள் ஒதுங்கிப் போனதுக்கும் நான்தான் பதில் சொல்லோணுமா?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஆய்வு போனால் போகட்டும், உங்களைப் புண்படுத்திவிட்டேனே என்று நான் பலாபத்வலைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் வெளி விறாந்தையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"முதல்ல சீட் காலியா ஈந்திச்சி" என்றீர்கள், வாங்க என்றுகூடச் சொல்லாமல். "பக்கத்துல வார ஆள் என்னப் பாத்திட்டு அங்கால போறத பாக்கிறது லேசில்ல. அத பாக்காம ஈக்கத்தான் பேக வெச்ச. பேகப் பாத்து அவங்க வரல்ல. அவங்க வராததப் பாத்து நான் பேக எடுக்கல்ல." கொப்பியின் ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தீர்கள். "அதுக்கும் ஒரு நிரல் போட்டீக்கோணும். எல்லாரையும் எழுதின. என்ன மட்டும் எழுதல்ல."

இதைத்தான் இடைவினைவாதம் என்று புத்தகம் சொல்கிறது. அர்த்தம் ஒருவர் தலைக்குள்ளே தனியாக இருப்பதில்லை. நான் உங்களை எப்படிப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதை வைத்து நீங்கள் நடக்கிறீர்கள். உங்கள் நடப்பைப் பார்த்து நான் என்னை மாற்றிக்கொள்கிறேன். ஒரு பை, இரண்டு பக்கத்திலும் சுவராக நின்றது. ஆனாலும் ஒன்றைத் தெளிவாக எழுதினோம்: சுவரின் முதல் கல்லை வைத்தது நீங்கள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் செய்ததை நான் நேரில் பார்த்தேன். பின் சீட்டில் இருந்தேன். பையை எடுத்து மடியில் வைத்தீர்கள். ஏறி வந்த ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "வாடிவென்ன அக்கே" என்றீர்கள், உட்காருங்கள் அக்கா என்று. அந்தப் பெண் உட்கார்ந்தாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மகளின் கலியாணக் கதை தொடங்கிவிட்டது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள்.

எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. கூப்பிட்டும் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களையும் எழுதினீர்கள். ஆனால் கோடுகள் மாறத் தொடங்கின. காலி சீட்டோடு டவுன்வரை போன நாட்கள் குறைந்தன.

இங்கேதான் உங்களுக்குப் புதுக் கவலை வந்தது. "நாங்க அளக்கப் போய் அளக்கிறதையே மாத்திட்டோம். ஆய்வு பழுதாப் போச்சி" என்றீர்கள். விரிவுரையாளர் சொன்னார், தொழிற்சாலையில் கொழுந்தை நிறுக்கும்போது தன்னை நிறுக்கிறார்கள் என்று கொழுந்துக்குத் தெரியாது, மனிதருக்குத் தெரியும் என்று. அதனால் இது விஞ்ஞானம் இல்லையா, அல்லது வேறு மாதிரியான விஞ்ஞானமா என்று நம்மையே எழுதச் சொன்னார். முடிவுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் உங்களுக்குக் கடும் நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நீங்கள் அலைந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குப் பிடிக்காது. கடைசியாகப் பார்க்க வந்த அன்று, தலையணையில் சாய்ந்துகொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தீர்கள்.

"விஞ்ஞானமெண்டா என்ன? நான் செஞ்சத இன்னொரு ஆள் வந்து சரியா பிழையாண்டு பாக்க ஏலோணும். என்ட கொப்பியக் குடுத்தா யாரும் பாக்கலாம். நீங்க கேட்ட கதைய யாரு பாக்கிற?"

"நானும் யார்கிட்ட, எங்க, என்ன கேட்டேன்னு எழுதி வச்சிருக்கேனே தாத்தா. திரும்பப் போய்க் கேக்கலாம்."

"திரும்பக் கேட்டா வேற பதில் வரும்."

"வந்தா, ஏன் மாறிச்சின்னு அதையும் கேப்போம்."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். "சரி. அரைவாசி விஞ்ஞானம். அதுக்கு மேல தர மாட்டேன்." அதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை. எத்தனை பேருக்கு இப்படி ஒரு கடைசி வார்த்தை கிடைக்கும்?

நீங்கள் வபாத்தான அன்று காலை தோட்டத்திலிருந்து புறப்பட்டு வந்தேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் வந்து சேர்ந்துவிட்டேன். பெண்கள் நிறைந்த அறையில் யாரையும் தெரியாமல் நின்றபோது, உங்கள் உம்மா என் கையைப் பிடித்து, "ஸ்டெல்லா தானே? மகள் ஒங்களப் பத்தித்தான் எந்த நேரமும் பேசிய" என்று தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நான் என் வழக்கப்படி ஜெபித்தேன். அவர் துஆ ஓதினார்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு உங்கள் கணவர் நவாஸ் நானா கொப்பிகளைக் கொண்டுவந்து தந்தார். நான் பார்த்தது ஒரு கொப்பியைத்தானே? அதற்கு முந்தியது ஒன்றும் இருந்தது. பிள்ளைகள் உறங்கும் மத்தியானத்தில், பிள்ளை மடுவத்தின் வாசலில் உட்கார்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன்.

ஐந்தாம் பக்கத்தில் நான் இருந்தேன்.

"புதன். இறங்கும் பஸ். தோட்டத்துப் பெண், நீலச் சேலை, கையில் ஃபைல். பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. டவுன்வரை நின்றாள்." அதன் ஓரத்தில், பின்னாளில் வேறு மையில் எழுதியிருந்தீர்கள்: "இது ஸ்டெல்லாவா? கேட்க வேண்டும்."

அது நான்தான், தாத்தா.

நீங்கள் கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை? ஊரில் எல்லோரிடமும் என்னைக் கேட்க அனுப்பிவிட்டு, என்னிடம் மட்டும் கேட்காமல் விட்டதற்கு என்ன காரணம்? பதில் அந்த "பிடிக்காதவர்" சொன்ன மாதிரி இருந்துவிடுமோ என்று பயந்தீர்களா? அல்லது எப்போதோ மன்னித்துவிட்டீர்களா, செய்யாத குற்றத்துக்கு?

நீங்கள் கேட்காத கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்தப் புதன்கிழமை டிப்ளோமா வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கத்தான் ஃபைலோடு புறப்பட்டேன். புறப்படும் நேரத்தில் ஒரு பிள்ளை என் தோளில் பால் கக்கிவிட்டது. வேறு நல்ல சேலை இல்லை, தண்ணீரால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புளித்த பால் நாற்றம் எனக்கே அடித்தது. ஜன்னலோரத்தில் மடிப்புக் கலையாத உடுப்போடு நீங்கள்; முகத்தை நிமிர்ந்து பார்க்காததால்தான் பிறகு வகுப்பில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் சின்ன வயதில் டவுன் பாடசாலை ஒன்றில், தோட்டத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தால் ஒரு ஆசிரியை எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார், திறந்துவிடுவார், அவ்வளவுதான். உங்கள் பக்கத்திலும் ஒரு ஜன்னல் இருந்தது. அது திறப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நின்றேன்.

நான் உங்களை ஒதுக்கியதாக நீங்கள் எழுதினீர்கள். நீங்கள் என்னை ஒதுக்குவீர்கள் என்று நான் நின்றேன். ஒரே பஸ்ஸில், ஒரு கை தூரத்தில், இரண்டு பேரும் ஒரே வலியோடு டவுன்வரை போயிருக்கிறோம்.

அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு அழுதேன். பிறகு வேறொரு யோசனை வந்தது, அது நல்ல யோசனை இல்லை. அந்த முதல் கொப்பியை விரிவுரையாளர் பார்த்ததில்லை, அந்தப் பக்கத்தைச் சேர்க்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆய்வு செய்தவளே ஆய்வுக்குள் அகப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் மொத்த உழைப்பையும் தள்ளிவிடுவார்களோ என்று பயம். இரண்டு வாரம் அந்தப் பயத்தோடு இருந்தேன்.

கடைசியில் நவாஸ் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையில் மிளகுச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவ ஒரு கோட்ட அழிச்சி நான் கண்டதில்ல தங்கச்சி. பிழையெண்டா பக்கத்துல சரியானத எழுதுவா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

அப்படியே செய்தேன். உங்கள் கோட்டை அழிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தை உள்ளபடி சேர்த்து, அதன் பக்கத்தில் என் பெயரில் ஒரு அத்தியாயம் எழுதினேன். ஜன்னல், பால், ஃபைல் எல்லாவற்றையும். நான் எழுதியதிலேயே கஷ்டமான எழுத்து அதுதான்.

வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மணி அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "பார்க்கிறவரும் நீங்கள், பார்க்கப்பட்டவரும் நீங்கள். இதை எப்படி விஞ்ஞானம் என்கிறீர்கள்?"

புத்தகத்துப் பதில் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "மேடம், ஸரீனா தாத்தா எண்ணியிருக்காட்டி, நான் அன்னைக்கு நின்னதே எனக்கு ஞாபகத்துல இருந்திருக்காது. அவங்க எண்ணினதாலதான் அது பதிவுல இருக்கு. ஆனா ஏன் நின்னேன்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அத நான்தான் சொல்லணும். நான் பொய் சொல்றேனான்னு பாக்கிறதுக்குத்தான் கோடு இருக்கு. கோடு பிழையா சொல்லுதான்னு பாக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன். பிழையைக் கண்டுபிடிச்சி மறைக்காம திருத்தினா அதுக்கு என்ன பேர் மேடம்?"

அவர் பேனாவை எடுத்தார். ஏதோ எழுதினார். மற்றவர், மாதிரி எடுத்த முறை பலவீனமாக இருக்கிறது, ஒரே பஸ்ஸை வைத்து மாத்தளை முழுக்கப் பேச முடியாது என்றார். அது சரியான குற்றச்சாட்டு. நீங்கள் இருந்திருந்தால் அவர் பக்கம் சேர்ந்திருப்பீர்கள். எழும்பி வரும்போது அந்த அம்மணி, "உங்கள் தோழியை நான் சந்தித்திருக்க வேண்டும்" என்றார். வெளியே நவாஸ் நானாவும் உங்கள் உம்மாவும் பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர்கள் வருவதாக என்னிடம் சொல்லவேயில்லை.

இனி இப்போதைய செய்திகள். உங்கள் உம்மா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை வரச் சொல்லி வட்டிலப்பம் தருகிறார். தோட்டத்துக்குப் புது டிஸ்பென்சரி வந்திருக்கிறது. கொண்டக்டர் சுனில் நம் ஆய்வில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார், பெயர்களை மாற்றியிருக்கிறோம் என்றதும் முகம் வாடிவிட்டது. இந்தக் கடிதத்தில் அவர் பெயரை எழுதுகிறேன் என்று சொன்னதும் மலர்ந்துவிட்டது. பயமாக இருந்தது என்று சொன்னாளே அந்த இளம் தாய், அவள் நீங்கள் எங்கே என்று என்னைத் தேடிவந்து விசாரித்தாள். சொன்னேன். கைப்பிள்ளை இப்போது நடக்கிறது. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, "அவங்ககிட்ட ஒரு தடவயாவது பேசியிருக்கலாம்" என்றாள். இதை எந்த நிரலில் போடுவது தாத்தா?

யட்டவத்தயில் பெண்களுக்காக ஒரு மாலை வகுப்பு தொடங்குகிறார்கள். சமூகவியல் அறிமுகத்தை என்னைப் படிப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னை! சந்தையில் யார் யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்காமல் கடந்து போகிறார்கள், ஏன் என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன். ஒரு பஸ் போதாது என்றார்களே, அதற்கு இது முதல் பதில்.

அதற்கு முன்னால் ஒன்று செய்திருக்கிறேன், கேட்டால் நம்ப மாட்டீர்கள். கணக்கில் தேறாமல் பாடசாலையை விட்டவள் நான். போன வாரம் புள்ளிவிபரவியல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சராசரி வரைக்கும் விளங்குகிறது. அதற்கப்பால் இருட்டு. பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணிடம் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒழுங்காக எண்ணப் பழகுவேன். எண்ணி முடித்த எந்த மனிதரையும் கேட்காமல் விடமாட்டேன். நீங்கள் தர மறுத்த அந்த மற்ற அரைவாசியை, என்றைக்காவது, சரியான கணக்கோடு உங்களிடமிருந்து வாங்கியே தீருவேன்.

உங்களோடு பிறக்காத, உங்களோடு சண்டை பிடித்தே வளர்ந்த
தங்கச்சி ஸ்டெல்லா
எல்கடுவ